ஆரபி வீடு

சித்தாண்டி
29.06.2025

அம்மா,

போனில் சொன்னால் பாதியில் அழுது போனை வைத்துவிடுவீர்கள். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தாளை வைக்க முடியாது, வாசித்துத்தான் ஆக வேண்டும். ஒன்பது வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாக என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்களே, அது இதற்காவது உதவட்டும்.

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்று என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மட்டக்களப்பில் பஸ் ஏறிச் சித்தாண்டியில் இறங்கினேன். ஓட்டோக்காரரிடம் "சுலோஜனா வீடு" என்றேன். தெரியாது என்றார். "முருகன் கோயிலுக்குப் பின்பக்கம், நேசமலர் வீடு, முன்னால் இரண்டு தென்னை" என்று நீங்கள் எத்தனையோ தரம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு கேட்டார்: "ஆரபி வீட்டையா கேக்கிறீங்க?"

அம்மா, நான் அவரிடம் என் பெயரைச் சொல்லவில்லை. என் பாஸ்போட் பையின் அடியில் உடுப்புகளுக்குக் கீழே கிடந்தது. "எந்த ஆரபி?" என்று கேட்டேன். "ஆரெண்டு தெரியா. வெளிநாட்டில இரிக்கிற ஒரு புள்ளயாம். வீட்டுக்கு அதுதான் பேரு" என்றார். அங்கேயே கொண்டுபோகச் சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

சுலோஜனா சின்னம்மா கேற்றடியில் நின்றார். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்துக் கையை விரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆள் அக்காவப் போலதான்" என்றார். பிறகு என் கையில் ஒரு திறப்புக் கோர்வையை வைத்தார். இது முன்கதவு, இது அலுமாரி, இது குசினி. தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் எங்கே, அரிசி எங்கே, எந்த ஜன்னலின் கொளுக்கி இறுகாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார் என்று நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

எல்லாம் காட்டி முடித்ததும் வெளியே போனார். அங்கே அவருடைய சைக்கிளில் ஒரு பாயும் இரண்டு பையும் கட்டியிருந்தன. "அப்ப நான் வாறன் மனே" என்று சொல்லிவிட்டு உருட்டத் தொடங்கினார். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

"எங்கே போறீங்க சின்னம்மா?"

"வதனிட வீட்டுக்கு. ஒரு அறை தந்திரிக்காள். வீட்டுக்காரி வந்த மறுகா நான் இதுக்குள்ள இரிக்க ஒண்ணா."

வதனி என்பவர் சின்னம்மாவோடு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவராம். வீட்டுக்காரி வந்தால் தான் இருக்க முடியாதாம்; வீட்டுக்காரி என்றது யாரை என்று சுற்றிப் பார்த்தேன். அந்த ஒழுங்கையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

இப்போது தனியாக இருந்து எழுதுகிறேன். வீடு அப்படியொரு துப்புரவு. சின்னம்மாவின் ஒரு சீப்புக்கூட மிச்சம் இல்லை. நான் ஆறு கிழமை விடுமுறையில் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவள். அவரைக் கிளப்பிவிட வந்தவள் போல ஏன் நடத்துகிறார்? பதில் எழுதுங்கள். கெதியாக எழுதுங்கள்.

ஆரபி


ஹோல்ஸ்டெப்றோ
01.07.2025

பிள்ளை,

உன் எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது. கண்ணாடி போட்டு, படத்தைப் பெருப்பித்து வாசித்தேன். நான் அழவில்லை.

போக வேண்டாம் என்று நான் சொன்னபோது நீ கேட்டாயா? "என் வேரைப் பார்க்க வேண்டும்" என்று பெரிய கதை கதைத்தாய். இப்போது பார்.

சுலோ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கோபம் வந்தால் வாய் திறந்து சொல்லமாட்டாள். பாயைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க நடப்பாள். நீ பயப்படாதே. அவள் உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்குக் காட்டுகிறாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். முந்தியே சொல்லியிருக்க வேண்டும், சந்தர்ப்பம் வரவில்லை. அந்த வீடு உன்னுடையது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வீட்டின் உறுதிப்பத்திரம் உன் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். சண்டை வந்தால் சட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவது அவன், அவள் இல்லை. என் அப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டை நான் உனக்குத் தந்தேன். 2003இல் சமாதான காலத்தில் நான் தனியாக ஊருக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். அப்போது எழுதினது. நீ வளர்ந்ததும் சொல்லுவோம் என்றிருந்தேன். நீ வளர்ந்ததும் டெனிஷில்தான் கதைத்தாய்.

திறப்பை எவரிடமும் கொடுக்காதே. அலுமாரியை நீயே பூட்டி வை. சுலோ இரண்டு நாளில் திரும்பி வருவாள். வந்தால் பின்னறையைக் கொடு, இருக்கட்டும்.

கொதித்தாறின தண்ணீர் குடி.

அம்மா


சித்தாண்டி
04.07.2025

அம்மா,

"பின்னறையைக் கொடு, இருக்கட்டும்." இந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். நீங்கள்தான் எழுதினீர்களா என்று கையெழுத்தைப் பார்த்தேன்.

முதலில் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை என்று போனேன். டென்மார்க்கில் முப்பது வருடமாக எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி, உண்மையில் நீ எந்த ஊர் என்பதுதான். இங்கே அதை ஒருவரும் கேட்கவில்லை. "ஆருட மகள்?" என்று கேட்டார்கள். நேசமலரின் மகள் என்றேன். அவ்வளவுதான். என் குடி எது (தாய்வழியில் வருகிற வம்சமாம்), எந்தக் குடியில் நான் கலியாணம் கட்டலாம், எதில் கட்டக்கூடாது என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னேன். "அத விடுகா, புள்ளைக்குத் தாய்ட குடிதான்" என்று ஒரு பெண் கையை வீசினார். எனக்கு இப்படி ஒரு இடம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒருவர் என் நாடியைப் பிடித்து, "நீதானா அந்த ஆரபி?" என்றார். பக்கத்தில் நின்றவர், நான் காதில்லாதவள் போல, "அப்ப இனிச் சுலோ எங்க போவாள்?" என்றார். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

நேரே வதனியின் வீட்டுக்குப் போனேன். வட்டை என்று இங்கே சொல்கிற வயல்வெளியின் ஓரத்தில் இருக்கிறது. சின்னம்மா கடைக்குப் போயிருந்தார். அதுவும் நல்லது. வதனிதான் எல்லாம் சொன்னார். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை ஊரார் சொல்லிக் கேட்டேன்.

2005இல் சின்னம்மாவுக்கு முப்பத்தொரு வயது. கொக்கட்டிச்சோலையிலிருந்து திவாகரன் என்று ஒரு ஆசிரியர். பேச்சுக்கால் கலியாணம் அல்ல, இரண்டு பேரும் விரும்பியது. அவருடைய அக்காமார் வீட்டைப் பார்க்கவும் உறுதியைப் பார்க்கவும் வந்தார்கள், இங்கே அது வழக்கமாம். சின்னம்மா அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துச் சந்தோசமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். திவாகரனின் அத்தான் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறார். வீட்டின் உரித்தாளி ஆரபி, வயது எட்டு, வதிவிடம் டென்மார்க். "ஆரு இந்த ஆரபி?" என்று அவர் கேட்டாராம். சின்னம்மா தாளை வாங்கித் தானும் பார்த்தாராம். அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

வீடில்லாத பெண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று வந்தவர்கள் எழும்பிப் போனார்கள். திவாகரன் இரண்டு தரம் வந்தாராம். பிறகு வரவில்லை. அன்றைக்குத் தொடங்கி ஊரில் அந்த வீட்டுக்கு ஆரபி வீடு என்று பெயர். முதலில் நக்கலுக்குச் சொன்னார்கள், இப்போது பெயராகவே போய்விட்டது என்றார் வதனி.

திரும்பி வரும்போது பக்கத்து வளவைப் பார்த்தேன். உங்கள் அப்பா சின்னம்மாவுக்கு வீடு கட்ட அத்திவாரம் போட்ட இடமாம். தொண்ணூறில், யுத்த காலத்தில், அவரைப் பிடித்துக்கொண்டு போனதோடு அது முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. நீங்கள் அத்திவாரத்தைப் பற்றி எனக்குச் சொன்னதே இல்லை. ஆடுகள் ஏறிப் படுத்திருக்கின்றன.

எட்டு வயதில் எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது அம்மா. எனக்கு எதற்கு ஒரு வீடு? ஒரு மனுசியின் வாழ்க்கையில் நான் குறுக்கே நின்றிருக்கிறேன். எனக்கே தெரியாமல் நின்றிருக்கிறேன். இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

ஆரபி


ஹோல்ஸ்டெப்றோ
07.07.2025

பிள்ளை,

வதனி சொன்னாள், கோயிலில் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். இனி நான் சொல்வதையும் கேள்.

நான் இந்த ஊருக்கு வந்து மூன்றாம் மாதம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றேன். வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத வீட்டில் பிறந்தவள், வெள்ளிக்கிழமையும் பன்றி வெட்டினேன். கத்தி பிடித்த விரல் இரண்டும் இன்றைக்கும் மடங்காது. அதைப் பற்றி நான் உன்னிடம் முறையிட்டதில்லை. ஏனென்றால் எனக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. வீடு இருக்கிறவள் எங்கே நின்றாலும் வீட்டுக்காரிதான். அந்த எண்ணத்தில்தான் நின்றேன்.

உன் அப்பாவுக்கு அந்த வீட்டை விற்றுக் கடை போட வேண்டும். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அதே கதை. நான் வெளியில் சிரித்துக்கொண்டிருப்பேன், உள்ளுக்குள் நடுங்கும். 2003இல் நான் ஊருக்குப் போனது கோயில் பார்க்க இல்லை. பிள்ளையின் பெயரில் எழுதினால், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் வரை எவரும் விற்க ஏலாது என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசு சொன்னார். எழுதிவிட்டேன். அடுத்த வருடம் உன் அப்பா எங்களை விட்டுப் போனார். அன்றைக்கு நான் உயிரை விடாமல் இருந்தது உனக்காக என்று நீ நினைப்பாய். பாதி அந்த வீட்டுக்காகவும்தான்.

நீ சிரிப்பாய். உன் சிநேகிதிகள் எல்லாம் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள், என்ன குறைந்துபோனார்கள் என்று கேட்பாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெண் பிள்ளையைப் பெற்றவள் வீடு வைக்காமல் கண்ணை மூடக்கூடாது. பனிக்குள் பெற்றாலும் பெண் பெண்தான். வேறு என்னத்தை நான் உனக்குத் தந்தேன்? நகை இல்லை, அப்பா இல்லை. மொழியைத் தந்தேன், அதிலும் பாதியை நீ வேண்டாம் என்றாய்.

சுலோவுக்கு ஒன்றும் தெரியாது என்று வதனி சொன்னாளா? அலுமாரியில் உறுதி இருக்கும். கடைசித் தாளைப் பார். சிறு பிள்ளைக்கு எழுதும்போது பிள்ளைக்காக ஒரு பெரிய ஆள் ஏற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும். உனக்காக வைத்தது ஆர்? சுலோதான். தன் கையால் வைத்தாள். அவளே வைத்துவிட்டுப் பிறகு ஊர் முழுக்க என்னைக் கள்ளி ஆக்கினாள்.

பார்த்துவிட்டு எழுது.

அம்மா


சித்தாண்டி
10.07.2025

அம்மா,

பார்த்தேன். சின்னம்மாவின் கையெழுத்துத்தான். பாலர் பாடசாலைப் பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக எழுதியிருக்கிறார். அதைப் பார்த்ததும் உங்கள் பக்கம் சாய்ந்தேன், மறைக்கவில்லை. தெரிந்துகொண்டு வைத்துவிட்டு இருபது வருடம் நடித்திருக்கிறாரே என்று கோபம் வந்தது. உறுதியை எடுத்துக்கொண்டு வதனி வீட்டுக்குப் போனேன்.

சின்னம்மா தரையில் இருந்து பிள்ளைகளுக்காக வண்ணத் தாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தாளை முன்னால் வைத்து, "இது உங்கட கையெழுத்துத்தானே" என்று கேட்டேன். பொலிஸ்காரி மாதிரிக் கேட்டேன்.

"ஓம்" என்றார். கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் நான் சேர்க்கவில்லை.

"அக்கா எனக்குப் பச்சச் சாறி ஒண்டு கொண்டு வந்தவ. நாளைக்கு நொத்தாரிசிட்டப் போகணும், அதக் கட்டிக்கிட்டு வெளிக்கிட்டு நில்லு, வீட்டு அலுவல் எண்டா. எனக்கு இருபத்தொம்பது வயசு மனே. அப்பாவும் இல்ல, எனக்கெண்டு போட்ட அத்திவாரமும் அப்பிடியே கிடக்குது. அக்கா நல்லா இரிக்கா, இந்த வீட்ட எனக்கு எழுதத்தான் வந்திரிக்கா எண்டு நினச்சன். கேக்கல்ல. கேட்டா ஆசப்பட்டவள் எண்டு நினப்பா எண்டு கேக்கல்ல. நொத்தாரிசு கடகடவெண்டு வாசிச்சார். எண்ட காதுல ஒண்டும் விழல்ல, சந்தோசத்தில காது அடச்சிப் போச்சு. இஞ்ச வை எண்டார், வச்சன். வெளியில வந்து அக்காட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதன். 'அக்கா, இத நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன்' எண்டன்."

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. நடந்தா."

"உறுதி வந்த பிறகாவது வாசிச்சிருக்கலாமே சின்னம்மா."

"தெரிஞ்ச விசயத்த ஏன் வாசிக்கணும்? ரெண்டு வரிசம் எண்ட வீடு எண்டு சொல்லி வெள்ளையடிச்சன். பூங்கண்டு வச்சன். மத்தவங்களுக்கு முன்னால வச்சுத்தான் வாசிச்சன்."

அடுத்த மீனை வெட்டத் தொடங்கினார். வெளியே போய் வயல் வரம்பில் குந்தி இருந்தேன்.

திரும்ப உள்ளே போய், வீட்டை அவருக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் மனே, நீ வச்சிரு என்று சொல்வார், நான் கெஞ்ச வேண்டி வரும் என்று நினைத்துப் பேச்சுக்கூட ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் என்னை நேரே பார்த்து, "தந்தா எடுப்பன். வேணாம் எண்டு சொல்லுற அளவுக்கு எனக்கு வீறாப்பு இல்ல. எனக்கு அந்த வீடு வேணும்" என்றார்.

நேற்று மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். உறுதியில் நீங்கள் சீவிய உரித்து வைத்திருக்கிறீர்களாம். நீங்கள் இருக்கும்வரை உங்கள் கையெழுத்து இல்லாமல் என்னால் ஒரு கூரை ஓட்டைக்கூடக் கொடுக்க முடியாது. ஆகவே இப்போது எல்லாம் உங்கள் கையில். நான் ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி விமானம் ஏற வேண்டும். அதற்கு முன் நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால் சின்னம்மா வதனியின் வீட்டிலேயே கிழவியாவார். நானும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வருவேன், உங்களிடம் வருவேனா என்று தெரியாது.

ஒரு கேள்விக்கு மட்டும் நேரே பதில் சொல்லுங்கள். சின்னம்மா உங்கள் கையைப் பிடித்து அழுதபோது, அவர் என்ன நினைத்து அழுகிறார் என்று உங்களுக்கு விளங்கியதா, இல்லையா?

ஆரபி


ஹோல்ஸ்டெப்றோ
19.07.2025

பிள்ளை,

விளங்கியது.

ஒன்பது நாள் ஆகியிருக்கிறது இந்த ஒரு சொல்லை எழுத. எழுதி எழுதிக் கிழித்தேன். விளங்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதி வைத்துமிருந்தேன். நல்ல கடிதம், நீயும் நம்பியிருப்பாய்.

நொத்தாரிசின் கந்தோரிலிருந்து பஸ் நிலையம் வரை நடந்தோம். அவள் பச்சைச் சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் முன்னால் நடந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. வழியில் இருக்கிற புடவைக் கடை வந்ததும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். கடை வந்தது, சொல்லவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் வந்ததும் சொல்லுவோம் என்று நினைத்தேன். அவள் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். தன் சம்பளத்தில் வாங்கித் தருகிறேன் அக்கா என்றாள். நான் வாங்கித் தின்றேன். பிள்ளை, நான் அதை முழுக்கத் தின்றேன்.

சொன்னால் அவள் அந்த இடத்திலேயே கையெழுத்தைத் திருப்பிக் கேட்பாளோ என்று பயம். வீடு போய்விடுமோ என்று பயம். டென்மார்க் போய்க் கடிதத்தில் சொல்லுவோம் என்று நினைத்தேன். எழுதவில்லை. அவளாக வாசித்துத் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன். தெரிந்துகொள்ளட்டும், கோபிக்கட்டும், ஆறட்டும் என்று நினைத்தேன். கலியாணம் பேச வந்தவர்களின் முன்னால் வாசிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அது சத்தியம்.

2005இல் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உனக்குத் தெரியாது. ஒரு வரிதான். "அக்கா, இந்த ஆரபி ஆர்?" உனக்குக் கொலுசு வாங்கி அனுப்பினவள், உன் பல் விழுந்த படத்தைக் கண்ணாடிக்குள் போட்டு வைத்திருந்தவள், எனக்கு அப்படி எழுதினாள். நான் பதில் எழுதவில்லை. அதற்கு என்ன பதில் எழுத முடியும்? அன்றைக்குத் தொடங்கி அவளும் எழுதவில்லை. கடந்த கிழமை வரை நான் அவளைக் கள்ளி, நாடகக்காரி என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லாவிட்டால் நான் ஆர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நேற்று முன்தினம் ரயிலில் சுவீடனுக்கு, ஸ்டொக்ஹோம் போய், அங்கேதான் இருக்கிற எங்கள் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். என் சார்பில் நீ எதிலும் ஒப்பம் வைக்கலாம் என்று அற்றோணித் தத்துவம். கூரியரில் போட்டிருக்கிறேன், பத்து நாளுக்குள் வரும். நீ மிரட்டினதற்காக இல்லை. மிரட்டினதற்காகவும்தான்.

ஒன்று கேட்க வேண்டும். கோயில் திருவிழா வருகிறது. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. வர நினைக்கிறேன். சுலோவிடம் கேள், அந்த வீட்டில் பத்து நாள் தங்க விடுவாளா என்று. ஒரு மூலையில் பாயைப் போட்டுப் படுப்பேன். நான் நேரே கேட்க முகம் இல்லை, நீ கேட்டு எழுது.

அம்மா


சித்தாண்டி
04.08.2025

அம்மா,

உங்கள் பத்திரம் வந்தது. இன்று காலை உறுதி முடிந்தது. வீடு இனிச் சின்னம்மாவுடையது, முழுக்க, வேறு எவருக்கும் எந்த உரித்தும் இல்லாமல்.

சின்னம்மா நொத்தாரிசை நன்றாக வேலை வாங்கினார். அவர் கடகடவென்று வாசிக்கத் தொடங்க, "மெல்ல வாசிங்க ஐயா" என்று நிறுத்தினார். ஒவ்வொரு வரியிலும், இதுக்கு என்ன கருத்து, அதுக்கு என்ன கருத்து என்று கேட்டார். வெளியே நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் தாளைத் தன் கையில் வாங்கித் தானும் முதலிலிருந்து வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகச் சரி பார்த்தார். பிறகுதான் பேனையை எடுத்தார். அழவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை.

மத்தியானம் பாயையும் பைகளையும் சைக்கிளில் கட்டித் திரும்பக் கொண்டுவந்து வைத்தோம். வதனியும் வந்தார். சின்னம்மா உலை வைத்தார். வதனி போன பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும், ஐஸ்கிறீம் தின்றது உட்பட. அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டார். பத்து நாள் தங்கலாமா என்று நீங்கள் கேட்ட இடம் வந்ததும் கை நின்றது.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு மணித்தியாலமாக இருக்கிறேன். நீங்கள் எனக்கு நேரே பதில் சொன்னீர்கள், நானும் நேரே எழுதுகிறேன்.

"அக்கா ஊருக்கு வரட்டும். கோயிலுக்கு வரட்டும். கண்டா நான் முகம் பாத்துக் கதைப்பன், ஓடி ஒளிக்கமாட்டன். ஆனா எண்ட வீட்டுல தங்க ஒண்ணா" என்றார்.

"சின்னம்மா, அது அம்மா வாழ்ந்த வீடு" என்றேன்.

"ஓம், அவவுக்குக் கட்டின வீடுதான். நான் இல்லையெண்டு சொல்லல்ல. இருவது வரிசமா நான் இன்னொரு புள்ளைட வீட்டக் கூட்டிக்கிட்டு இருந்தன் மனே. ஒருத்தர வா எண்டு கூப்பிடவும் ஒண்ணா, வராத எண்டு சொல்லவும் ஒண்ணா. இண்டைக்கு என்னால சொல்ல ஏலும். சொல்லுறன்."

"கோபமா?"

"கோவந்தான். வேற என்ன? அக்கா அழுது எழுதினா எண்டு ஆறிப் போற கோவமா இது? ஆறினா நானே கடிதம் போடுவன். ஆறாட்டிப் போடமாட்டன். அத அவவுக்குச் சொல்லு."

அரிசியை உலையில் போட்டுவிட்டு, "உனக்குக் கீரை சுண்டவா, பருப்பு வைக்கவா?" என்று கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அம்மா, நான் இப்படி நினைக்கவில்லை. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் திருவிழாவில் கட்டிப்பிடித்து அழுவீர்கள், வதனி படம் எடுத்து எனக்கு அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து, ஆறு கிழமையில் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுத் திரும்பலாம் என்று. என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் அவரோடு வாதாடவில்லை. அதற்கு நீங்கள் என்னைக் கோபிக்கலாம். உங்களை நினைக்க நெஞ்சு வெடிக்கிறது, ஆனாலும் அவர் சொன்னதில் பிழை இருக்கிறதென்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் வராமல் இருப்பதென்றால் எழுதுங்கள், விளங்கிக்கொள்வேன்.

சாப்பிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஆரபி


ஹோல்ஸ்டெப்றோ
06.08.2025

பிள்ளை,

வாசித்தேன். சுலோ சொன்னது சரி. அவளிடம் திரும்பப் போய்க் கேட்காதே, எனக்காகக் கெஞ்சாதே. அவள் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

நான் வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன், திருவிழாவுக்கு முதல் நாள் வந்து இறங்குவேன்.

மட்டக்களப்பு ரவுணில் வாவிக்கரையோரம் வெளிநாட்டுக்காரர் தங்குகிற விடுதிகள் இருக்கின்றனவாம், இங்கே வேலை செய்த ஒரு பிள்ளை சொன்னாள். நீ விமானம் ஏற முன் நேரில் போய் எனக்கு ஓர் அறை பதிந்துவிட்டு வா. பத்து நாள், தனி ஆள். மாடி வேண்டாம், முழங்கால் ஏலாது. அவர்கள் ஒரு படிவம் தருவார்கள். பெயர் நேசமலர் என்று எழுது. ஊர் என்று கேட்டிருக்கும் இடத்தில் டென்மார்க் என்று எழுது.

அம்மா